படிவத்தில் நான் எழுதிய பெயர்கள்

வைகாசி, செவ்வாய்க்கிழமை

எனக்கு முந்திரி தரும் கந்தர்வக்கோட்டை செல்லம்மா அக்காவின் தோப்புக்கு இன்று போனேன். வழக்கமாகக் கட்டி வைத்திருக்கும் மூட்டைகளைக் காணோம். அக்கா சிரித்தார். "ஒங்க கம்பெனி வேன் நேத்தே வந்து ஏத்திட்டுப் போயிருச்சே தம்பி. இனிமே நேரா அவங்களுக்குத்தானாமே?"

எனக்கு ஏது கம்பெனி? ஒரு செயலியில் கடை போட்டு விற்கிறேன், அவ்வளவுதான். போன மாதம் அதில், சரக்கு யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. பதினோரு தோப்புக்காரர்களின் பேரையும் போன் நம்பரையும் பெருமையாக நிரப்பிக் கொடுத்தேன். முட்டாள்.

மற்ற தோப்புக்காரர்களுக்கும் அந்தச் செயலிக்காரர்களிடமிருந்து போன் வந்ததா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எல்லாருக்குந்தான். மொதல்ல யோசிச்சோம். நம்பர் குடுத்ததே நீங்கதான்னு சொன்னாங்க. அப்புறம் என்ன, சரின்னுட்டோம்."