நாலாவது அட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கை நடுக்கம் குறைஞ்சுதா? மறைக்காம எழுதுங்க. நான் நல்லா இருக்கேன்.

நான் வேலை பார்க்கிற தியாசபி சங்கத்து (பிரம்மஞான சபை) நூலகத்துல போன வாரம் சின்ன ரகளை. இந்தச் சங்கத்துக்காரங்க குருவா நினைக்கிற மகாத்மாக்கள் எழுதினதா சொல்ற கடிதத் தொகுப்புக்கு நான் அட்டவணை அட்டை எழுதணும். "ஆசிரியர், பௌத்தத் துறவிகள்னு போடும்மா"ன்னார் செயலாளர். தினம் படிக்க வர்ற புத்த பிக்குகிட்ட கேட்டேன். "எங்க குரு பரம்பரையில இவங்க பேரே இல்லம்மா. ஆனா மத்தவங்களுக்காகத் தன் முக்தியையே தள்ளிப்போடணும்னு எழுதியிருக்காங்களே, அது எங்க போதிசத்துவர் வழிதான்"னார்.

அதனால, "கருத்தில் பௌத்தம் உண்டு, எழுதியவர் யாரென்று உறுதியில்லை"ன்னு எழுதினேன். செயலாளர் மூணு அட்டையைக் கிழிச்சார். நாலாவதுலயும் அதையேதான் எழுதினேன். என்ன ஆனாலும் மாத்த மாட்டேன்; உங்க பொண்ணாச்சே! கவலைப்படாதீங்க, அந்த நாலாவது அட்டை இன்னும் கிழியாம முழுசா இருக்கு.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பிவைங்க. தபால் எடுக்க ஆள் வந்தாச்சு, முடிக்கிறேன். பதிலை அண்ணன்கிட்ட சொல்லி எழுத வைக்காதீங்கப்பா. எழுத்து கோணினாலும் நீங்களே எழுதுங்க. யார் எழுதினதுன்னு தெரியாத கடிதங்களோடதான் நாள் முழுக்க இருக்கேன்.

உங்க சின்னவ