நண்டு ஆராய்ச்சியாளர் அற்புதசாமி

19 ஜனவரி 1982

கரண்ட் போய்விட்டது. நண்டின் நரம்பில் மின்முனையைப் பொருத்தி, திரையில் துடிப்பு தெரிய ஆரம்பித்த நேரம் பார்த்து! காலையில் லேப் அட்டெண்டர் வீரமலை, ஸ்ரீரங்கம் மேலூர் வயலில் பிடித்துக் கொடுத்த நண்டு. இனி அது தேறாது. வாளியைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் என் கை நாற்றம் தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போய்விட்டாள். போகட்டும், தாராளமாக உட்கார்ந்து வந்தேன்.

27 ஜனவரி

ரீடர் பதவிக்கு என் பேர் போகிறது. பதினோரு வருஷமாக லெக்சரர். இதுவும் தவறினால் அவ்வளவுதான், இப்படியே ரிடையர் ஆக வேண்டியது.

இந்தத் தடவை புதுசாக ஒன்று கேட்கிறார்கள் — நம் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று. துறைத்தலைவர் அழகிரி சார் பெங்களூர் போகிறார். அங்கே லைப்ரரியில் மேற்கோள் அட்டவணையைப் பார்த்து வருவாராம்.

11 பிப்ரவரி

எழுத்து கோணலா வருது.

அழகிரி சார் கூப்பிட்டார். போன வருஷம்தான் மதுரையிலிருந்து வந்தவர், நல்ல மனுஷன். "பேட்ரிசியாங்கற பேர்ல ரெண்டே ரெண்டுதாம்மா இருக்கு. மனசு விட்டுடாதீங்க. நம்ம திருச்சியிலயே ஒருத்தர் இதே நண்டு நரம்புல பிரமாதமா பண்ணியிருக்காரு. நாப்பத்திமூணு மேற்கோள்! ஜெர்மனிக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் அவரைத்தான் சொல்றான். அவரைப் போய்ப் பாருங்க, கத்துக்கலாம்."

"யாரு சார்?"

"அற்புதசாமின்னு ஒருத்தர்."

"அவர் எங்கப்பா சார். பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தவர்."

நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

12 பிப்ரவரி

தூக்கமே இல்லை. கல்யாணத்துக்கு முன் நான் அ. பேட்ரிசியா. முதல் கட்டுரைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். பேட்ரிசியா அற்புதசாமி என்று எழுதித் தொலைத்தேன். அவர்களுக்குக் கடைசியில் வருகிற பேர்தான் ஆளு! கல்யாணத்துக்கு அப்புறம் ச. பேட்ரிசியா. வீட்டுக்காரர் பேர் சகாயநாதன் இல்லையா. ஆக, அட்டவணையில் நான் ரெண்டு ஆள். நல்லதெல்லாம் அப்பா கணக்கில். உயிரோட நண்டைப் பார்த்தா காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிற மனுஷன் கணக்குல!

20 பிப்ரவரி

கமிட்டிக்கு அத்தாட்சி வேண்டுமாம். அற்புதசாமி என்பவர் நண்டு ஆராய்ச்சி எதுவும் செய்ததில்லை என்று அவரே பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டுமாம். கர்மம்.

21 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து நேரே பொன்மலைக்குப் போனேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார்.

"ஏம்ப்பா?"

"நாப்பத்திமூணு பேரு என் பேரை அச்சுல போட்டிருக்கான். அது நான் இல்லேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

"நீங்க இல்லதானேப்பா!"

"இல்லதான். தெரியும். அதுக்கு ஸ்டாம்பு பேப்பர் வேறயா?"

எம்.எஸ்ஸி. சேர்ந்தப்ப 'நண்டை நோண்டுறதுக்கு எதுக்குடி படிப்பு'ன்னு கேட்டவர்தானே இவர்? இப்ப மட்டும் பேர் இனிக்குதா? கத்திட்டு வந்துட்டேன். அவர் போட்டு வச்ச காபியைத் தொடக்கூட இல்லை. அம்மா போனதிலிருந்து அவரேதான் போட்டுக்கொள்கிறார். பாவம். ஆனாலும் கோபம் தீரவில்லை.

3 மார்ச்

அப்பா வரவில்லை. நானும் போகவில்லை.

9 மார்ச்

டிபார்ட்மெண்ட் வாசலில் அப்பா! ஈஸ்டருக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை. கோர்ட் பக்கத்தில் தானே போய் டைப் அடித்து வாங்கியிருக்கிறார்: "அற்புதசாமியாகிய நான் நண்டைப் பற்றி யாதொன்றும் அறியேன். அறிந்தவள் என் மகள் பேட்ரிசியா. என் பேர் நான் அவளுக்குக் கொடுத்தது. அவளே வைத்துக்கொள்ளலாம்."

கடைசி ரெண்டு வரி வேண்டாம் என்று வக்கீல் சொன்னாராம். இவர் விடவில்லை.

அழகிரி சார் படித்துவிட்டு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கய்யா. ரொம்ப நாளா உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

17 ஜூன்

ரீடர் ஆர்டர் கைக்கு வந்தது. படிக்கிறதுக்குள் கரண்ட் போய்விட்டது. ஜன்னலோரம் போய் நின்று படித்தேன்.

1 ஆகஸ்ட், ஞாயிறு

புதுக் கட்டுரையின் புரூஃப் வந்திருக்கிறது. ஆசிரியர் பேரைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். ச. பேட்ரிசியாவை அடித்துவிட்டு பேட்ரிசியா அற்புதசாமி என்று எழுதினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்ப நான்?"

"நீங்கதான் ரேஷன் கார்டுல இருக்கீங்களே."

மத்தியானம் அப்பா வந்தார், கையில் தூக்குவாளி. மூடியைத் திறந்தால் உள்ளே நண்டு, உயிரோடு.

"குழம்பு வைக்கவாப்பா?"

"இல்லடி. கோயில்ல ஆளாளுக்குக் கேக்குறானுங்க, நண்டுக்கு நரம்பு எங்க இருக்குன்னு. என் பேரை வச்சுக்கிட்டு நான் முழிக்க முடியுமா? காட்டு."

ஐஸில் போட்டு, அது அடங்கினதும், சமையல் மேடையிலேயே ஓட்டைத் திறந்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு சின்ன வட்டம், அதிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் நூல் மாதிரி ஓடுகிற நரம்பு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்ப்பா."

"இதுக்கா நாப்பத்திமூணு பேரு?"

திரும்பத் திரும்பக் கேட்டார், திரும்பத் திரும்பச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து, ரெண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டேதான் குனிந்து பார்த்தார்.