அறுபதா, நூறா

செப். 8, திங்கள்

விடியற்காலை தூறல், பிறகு நல்ல வெயில். கிணற்றடி ஜன்னலின் மேல் மூலையில் குளவி இரண்டாவது அறை கட்டத் தொடங்கிவிட்டது. மண் உருண்டையை அப்பும்போது ரீங்காரம். பாடிக்கொண்டே வேலை செய்யும் கொத்தனார்.

நேற்றுப் பூசை முடிந்து வந்ததும் அருள் போன், பெங்களூரிலிருந்து. வாராவாரம் பேசுகிற பிள்ளைதான். நேற்றுப் பேச்சு வேறு. பேரக்குழந்தையின் ஞானஸ்நான விருந்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் என் கையிலிருந்து காப்பி தளும்பியதை அவன் மறக்கவில்லை.

"தனியா இருந்தது போதும்மா. நாளைக்குக் கொதிக்கிற எண்ணெயக் கொட்டிக்கிட்டா யார் பாப்பா? வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க."

"கை நடுங்குறவ குளவியப் படம் புடிப்பாளா?"

"நீங்க அனுப்பறதுல குளவி எங்கம்மா தெரியுது? கறுப்பா ஏதோ ஒரு துளி."

அது கேமராவோடு வந்த லென்ஸின் குறை. கிட்டப் போனால் குவியாது. அதைச் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"மேக்ரோ லென்ஸ் வாங்கறேன். சனிக்கிழமைக்குள்ள குளவியோட கண்ணு தெளிவா ஒரு படம் அனுப்பறேன். ஸ்டாண்ட் இல்லாம, கையில புடிச்சு. முடியலன்னா ஞாயித்துக்கிழமை கார் எடுத்துக்கிட்டு வா. கூட வந்துடறேன்."

ஸ்டாண்ட் வேண்டாம் என்று அவன் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.

"சரி, பந்தயம்" என்றான். சிரித்தான். ஆனால் இந்நேரம் காருக்குச் சொல்லியிருப்பான். அப்படியே அவன் அப்பா.

செப். 9, செவ்.

தருமபுரி போகுமுன் குறித்தது:

60 மி.மீ. – கனம் குறைவு. குளவிக்கு நாலு விரல் தூரம்வரை போக வேண்டும். ஸ்டெபிலைசர் கிடையாது.

100 மி.மீ. – ஒரு சாண் தள்ளி நிற்கலாம். கனம். கை ஆட்டத்தை உள்ளேயே சமன்செய்யும் ஸ்டெபிலைசர் உண்டு.

ரவிக்கைத் துணி. மறக்காதே.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஸ்டுடியோ முருகேசன் கல்யாணப் படக்காரர். தாலி, மோதிரம் எடுப்பதற்காக மேக்ரோ வைத்திருக்கிறார். பழைய அறுபது ஒன்று விற்பனைக்கு. நூறு அவருடைய சொந்த உபயோகத்துக்கு. எனக்கு வேண்டுமென்றால் வரவழைப்பாராம்.

தம் மோதிர விரலையே நீட்டினார். அறுபதை மாட்டிப் பார்த்தேன். திரையில் மோதிரக் கல் தண்ணீரில் மிதப்பதுபோல் அலைந்தது. கடையில் வேறு இரண்டு பேர், என் கையையே பார்த்துக்கொண்டு.

"அறுவது, கை கல்லாட்டம் நிக்கறவங்களுக்குங்கம்மா. கொஞ்சம் பொறுத்து நூறு வாங்கிக்கங்க. உங்களுக்கு அதான் தோதுங்க."

அறுபதுக்கு பில் போடச் சொன்னேன்.

(துணி மறந்துவிட்டது.)

செப். 10, புதன்

காலை முழுவதும் ஜன்னலடியில். கூடு உயரம், ஸ்டூல் மேல் நின்றால்தான் எட்டும். நாலு விரல் தூரத்துக்குப் போனால் லென்ஸின் நிழலே குளவி மேல் விழுகிறது. பறந்துவிடுகிறது. காத்திருந்தால் வருகிறது. அதற்குள் தோள் இறங்கிவிடுகிறது.

சின்னப்பாப்பா (வீட்டு வேலைக்காரி, அவர் இருந்த காலத்திலிருந்தே) பாத்திரத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"வூட்ல கொளவி கூடு கட்டுனா நல்லதுங்கம்மா. யாரோ முழுவாம இருக்காங்கன்னு அர்த்தம்."

"இந்த வீட்டுல நீயும் நானுந்தான் இருக்கோம்."

"காலம் கெட்டுக் கெடக்குதுங்க. ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

முகத்தில் சிரிப்பே இல்லை. நான்தான் கேமராவை இறக்கி வைக்க வேண்டியதாயிற்று.

மதியம் கணினியில் பார்த்தேன். உணர்கொம்பு இரண்டு இரண்டாக. கண் இருக்க வேண்டிய இடத்தில் புகை. ஒன்றில் மட்டும் இறக்கை துல்லியம், நரம்பெல்லாம் எண்ணலாம். ஆனால் நான் சொன்னது கண். எல்லாவற்றையும் அழித்தேன்.

செப். 11, வியாழன்

கான்வென்டில் சிஸ்டர் பெர்னார்து சொல்வார்: தப்பான விடையை அழகான கையெழுத்தில் எழுதினாலும் தப்புதான். அறுபது தப்பான விடை. மறுபடியும் தருமபுரி பஸ்.

முருகேசன்: "அறுவது என்னங்கம்மா பண்ணுச்சு?"

"குளவி பயந்துக்குது."

"கொளவிங்களா?"

மேற்கொண்டு கேட்கவில்லை, நல்லவேளை. தம் நூறையே துடைத்து எடுத்து வைத்தார். "சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் வெச்சிப் பாருங்க. ஞாயித்துக்கிழம எனக்குக் கல்யாணம் இருக்குதுங்க, ஆவணியில கடைசி. தாலி எடுக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே யோசனை. ஸ்டெபிலைசரும் ஒருவகை ஸ்டாண்ட் இல்லையா? வெளியே மூன்று காலோடு நிற்பது உள்ளே ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதானே? காரிமங்கலம் வருவதற்குள் தீர்ப்பு: மூக்குக் கண்ணாடி போட்டுப் படிக்கிறவளைப் படிக்கத் தெரியாதவள் என்று யாரும் சொல்வதில்லை. அனுமதி.

மாலையில் துவரம்பருப்பை வைத்துப் பரீட்சை. பக்கவாட்டு ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் நிற்கும்போது உடம்பு முன்னும் பின்னும் அசைகிறது. அரிசி கனம் அசைந்தாலே பருப்பின் முனையிலிருந்து பார்வை நழுவிவிடுகிறது. லென்ஸ் கையைப் பிடிக்கிறது. ஆளைப் பிடிப்பதில்லை.

செப். 12, வெள்ளி

நாள் முழுவதும் மழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. குளவி வரவில்லை. இரண்டாவது அறையின் வாய் இன்னும் திறந்தே இருக்கிறது. அடைத்துவிட்டுப் போய்விட்டால் திரும்பாது. நாளை ஒரு நாள்தான்.

அருள் ஒரு படம் அனுப்பினான். கட்டில், புதுத் திரைச்சீலை. "உங்க ரூம் ரெடி. ஜன்னல்ல பார்க் தெரியும்மா."

பதினோராவது மாடி. பார்க் தெரியாமல் என்ன செய்யும்.

பாதி மூச்சை விட்டு, நிறுத்தி, பட்டனை அழுத்தும் பயிற்சி.

சின்னப்பாப்பா: "இப்படி மூச்சப் புடிச்சிப் புடிச்சி வுட்டா மயக்கம் வந்துருமுங்க. அப்புறம் கொளவி உங்களப் படம் புடிக்கும்."

செப். 13, சனி

மழை விட்டது. வெயில் சுள்ளென்று. குளவி எனக்கு முன்பே வந்து வேலை தொடங்கியிருந்தது. வாயில் கால்வாசி அடைத்தாகிவிட்டது.

ஸ்டூல் மேல் ஏறினேன். முதல் தடவை: நெற்றி தெளிவு, கண் இல்லை. இரண்டாம் தடவை: எதுவும் இல்லை. உடம்பு நெல்நாற்று மாதிரி. மூன்றாம் தடவை கேமராவைத் தூக்கும்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் இடுப்பை இறுகப் பிடித்தன. சாம்பல் வாடை. சின்னப்பாப்பா.

"விடு."

"வுளுந்தீங்கன்னா தம்பிக்கு நாந்தாங்க பதில் சொல்லணும். நீங்க பாட்டுக்குப் புடிங்க."

அதற்குள் குளவி மண்ணோடு வந்துவிட்டது. ரீங்காரம் எடுத்தது. வாதாட நேரமில்லை. அழுத்தினேன். இன்னொன்று. இன்னொன்று.

பார்த்தேன். கண். சல்லடைபோல நுணுக்கமாக, ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக. ஐயமே இல்லை.

இறங்கினதும் அவளை அப்பால் போகச் சொன்னேன். மூக்குக் கண்ணாடி வாதம் இதற்குப் பொருந்தாது. ஓர் ஆள் பிடித்தால் அது ஸ்டாண்ட்தான், இரண்டு கால் ஸ்டாண்ட். மறுபடி ஏறி, தனியாக எடுத்தேன். குளவி கடைசி மண்ணை அப்பி, தட்டி, வழித்துச் சமன்செய்து, பறந்து போகும்வரை எடுத்தேன்.

எல்லாம் மங்கல். ஒன்றுகூட இல்லை.

மூன்று மணி பஸ்ஸில் போய் நூறைக் கொடுத்துவிட்டு வந்தேன். அறுபதை அவரே எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு நூறு வரவழைக்கட்டும் என்றேன். எந்த ஊர் விலாசத்துக்கு அனுப்ப என்று முருகேசன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல படத்தை மட்டும் அனுப்பினால் போதும். அவனுக்குத் தெரிய வழியே இல்லை. சின்னப்பாப்பாவும் சொல்ல மாட்டாள்.

அனுப்பியது: அந்தப் படம், கீழே இது.

"இதை எடுத்தபோது நான் ஸ்டூல் மேல் நின்றேன். சின்னப்பாப்பா பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விட்ட பிறகு எடுத்ததெல்லாம் மங்கல். சித்திரையிலிருந்தே கை நடுங்குகிறது. பந்தயத்தில் தோற்றேன். ஆனாலும் நான் வரவில்லை."

கொடுத்த வார்த்தையை மீறுவது இதுதான் முதல் தடவை.

நீலக் கோடு விழுந்தது, படித்துவிட்டான். எழுதினான், நிறுத்தினான், எழுதினான்.

"ஸ்டூல் மேலயா??"

பிறகு:

"சின்னப்பாப்பாக்கா ராத்திரியும் அங்கயே தங்குவாங்களா? கேட்டுச் சொல்லுங்கம்மா. தங்குறதா இருந்தா நாளைக்குக் கார் வேணாம்."

அவளிடம் இத்தனை காலம் வேலை சொல்லியிருக்கிறேன். திருத்தியிருக்கிறேன். கழுவினதை மறுபடி கழுவ வைத்திருக்கிறேன். எதையும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்று ஒரு தாளில் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் உத்தரவு மாதிரி இருக்கின்றன. முடியாது என்று அவளும் சொல்லலாம். அவளுக்கும் வீடு இருக்கிறது, பேத்தி இருக்கிறது.

அடுப்படி விளக்கை அணைக்கிறாள். கொல்லைக் கதவு. செருப்பு மாட்டும் சத்தம்.

எழுதினது போதும்.