ஜாடிக்கு எவ்வளவு மாவு

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் பாப்பாவும் நலமாக இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பும் புதிய பேக்கரி வேலையும் எப்படி இருக்கின்றன என்று தெரியவில்லை. முதலில் அதைக் கேட்டுக்கொள்கிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் கேட்க வந்தது மறந்துபோய், அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். நீங்கள் கிளம்பிப் போன பிறகு இரண்டு தடவையும் அப்படித்தான் ஆயிற்று. அதனால்தான் கடிதம்.

ஒரு சந்தேகம் கேட்பதற்காக மட்டுமே எழுதுகிறேன். ரை மாவு எங்கே கிடைக்கும்?

ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரொட்டி உப்புவதற்காக நீங்கள் புளிக்கவைத்து வளர்த்த மாவு, அந்தக் கண்ணாடி ஜாடியோடு ஃபிரிட்ஜிலேயே தங்கிவிட்டது. நீங்கள் போன வாரத்தில் பாப்பா என்னிடம், "அப்பா, அந்த ஜாடியைக் கொட்டிட்டுக் கழுவி வைங்க" என்றாள். சரியம்மா என்றேன். குழாய் வரை கொண்டும் போனேன். மூடியைத் திறந்தால் உள்ளே குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிற ஒன்றைக் கழுவி ஊற்ற எனக்குக் கை வரவில்லை. கீழ்த்தட்டில் ஜாம் பாட்டிலுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டேன். வாரம் ஒரு முறை பழையதில் கொஞ்சம் எடுத்து எறிந்துவிட்டு, புது மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும் என்பது நீங்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தது. அதை வைத்துத்தான் ஏதோ செய்துவருகிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்பது சந்தேகமே. அவளுக்கு இது தெரியாது.

நீங்கள் வைத்துவிட்டுப் போன, கோதுமைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான அந்த ரை மாவு தீர்ந்துவிட்டது. கோதுமை மாவைப் போட்டுப் பார்த்தேன். ஜாடி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. எனவே தேடப் புறப்பட்டேன். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பெண் என்னைச் சர்க்கரை நோயாளிகளுக்கான அலமாரிக்கு அழைத்துப்போய், "சுகர் எவ்வளவு இருக்கு தாத்தா?" என்று அக்கறையாகக் கேட்டாள். தீவனக் கடையில் ரை தானியமாகவே மூட்டையில் இருந்தது. குதிரைக்கா மாட்டுக்கா என்றார் கடைக்காரர். ஒரு ஜாடிக்கு என்று சொல்ல வாய் வராமல் குதிரைக்கு என்று சொல்லிவிட்டேன். குதிரைக்கு என்ன வயது என்றார். வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

ரொட்டி மாவில் நீங்கள் சேர்க்கும் மால்ட் பொடியும் (முளைகட்டிய பார்லியாம்) டப்பாவில் காலி. அது கிடைக்கும் என்று யாரோ சொன்ன இடத்துக்குப் போனால், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை. "முதல் தடவையா சார்? மொதல்ல லைட்டாவே போடுங்க" என்று கடைக்காரர் தைரியம் சொன்னார். அந்த நேரம் பார்த்தா எதிர்வீட்டு வங்கி மேலாளர் அந்தப் பக்கம் போக வேண்டும்? மறுநாளிலிருந்து என்னைப் பார்த்துப் புதுவிதமாகச் சிரிக்கிறார். பொடியில் இரண்டு வகை உண்டாம். ஒன்று மாவை உப்பவைக்கும், மற்றொன்று நிறமும் மணமும் மட்டும் தரும். உங்களுடையது எது என்று தெரியாமல் இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். எதைப் போடுவது என்பதையும் எழுதவும்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீங்கள் வீட்டில் சொல்லாமல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்ததும், நீங்கள் மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க ஆபீசுக்குப் போன பாப்பாவுக்கு அங்கே காலி நாற்காலியைக் காட்டியதும் உங்கள் இருவர் விஷயம். எனக்கு வேண்டியது மாவு கிடைக்கும் இடம்தான்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தை எப்போதும் நினைக்கும்
மாமா

பதிலை என் பெயருக்கே அனுப்பவும். தபால் மதியம் வருகிறது. அவள் அந்த நேரம் ஆஸ்பத்திரியில் யாரையாவது நடக்கப் பழக்கிக்கொண்டிருப்பாள்.

*

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் வந்தது. இரண்டு பக்கம் நிறைய ரை மாவைப் பற்றியும் மால்ட் பொடியைப் பற்றியும் எனக்கே புரியும்படி எழுதியிருந்தீர்கள். கடைசி வரியில் "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா" என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் எல்லாரும் என்றால் நாங்கள் இரண்டு பேர். நான் சௌக்கியம். மற்றவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய கடை பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. ரை மாவு கிடைத்தது. இனிமேல் குதிரையைச் சொல்லிப் பொய் பேச வேண்டியதில்லை என்ற நிம்மதியோடு வந்து, பையைப் பரண் மூலையில் மறைத்து வைத்தேன்.

அதன் பிறகுதான் ஜாடியின் எடை கூட ஆரம்பித்தது. வேலையில் இருந்த காலம் முழுவதும் கடை கடையாகப் போய்த் தராசு சரியா என்று பார்த்தவன் நான். (கடைக்காரர்கள் எனக்குப் பயந்ததைவிட நான் அவர்களுக்குப் பயந்ததுதான் அதிகம். அது போகட்டும்.) அந்தப் பழக்கத்தில், மாவு சேர்த்ததும் ஜாடியை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்வேன். அடுத்த வாரம் எடுத்தால் அதே எடையோ சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும். கூடியிருந்தது. பரணில் மாவுப் பையோ இளைத்திருந்தது. முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன். என்னிடம் இருக்கும் பித்தளை எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு யோக்கியமாகத்தான் இருந்தது. அப்புறம் சந்தேகப்பட மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போடுகிறேனோ? என் அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது என்பது உங்களுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் உங்கள் எல்லாருடைய பிறந்த நாளையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பை காலியானதும் மறுபடி கடைக்குப் போனேன். "கடைசிப் பாக்கெட்ட நேத்துதான் சார் ஒரு மேடம் வாங்கிட்டுப் போனாங்க" என்றார் கடைக்காரர். "இத்தன நாளும் இந்த மாவ சீண்ட ஆளில்ல. இப்ப ரெண்டு பேரும் போட்டி போட்டுட்டு வர்றீங்க." எப்படி இருந்தார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நான் மூட்டைய நகத்துறதையே பாத்துட்டு நின்னாங்க. இடது கால ஊனாம நடக்கிறீங்களே, முட்டி வலியான்னு கேட்டாங்க. ரெண்டு பயிற்சி வேற சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க."

பாப்பாவைத் தவிர வேறு யார் அப்படிக் கேட்பார்கள்? வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தேன். காலிப் பை இருந்த அதே மூலையில் புதுப் பை. என் ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெரிந்த மற்றொன்றை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாவு போடுவதை நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவள் ஒரு வாரம் கோபத்தில் விட்டுவிட்டால் ஜாடியின் கதி என்ன என்ற பயத்தில் நிறுத்தவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் கூச்சப்பட்டு விட்டுவிடுவாளோ என்று அதற்கும் பயம்.

போன வாரம் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அன்று காலையில் அவள் கிளம்பிய பிறகு நான் ஜாடிக்கு மாவு போட்டிருந்தேன். அவளும் கிளம்புவதற்கு முன்பே போட்டிருக்கிறாள். ஃபிரிட்ஜ் சூடாகிவிட்டது. சாயங்காலம் அவள் வந்து கதவைத் திறந்தபோது, ஜாடி மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, ஜாம் பாட்டில், முட்டை, முந்தைய நாள் குழம்பு எல்லாவற்றின் மேலும் வழிந்திருந்தது. நான் ஒரு துணியோடு போனேன். அவள் கையிலும் ஒரு துணி.

"நீங்க எப்பப்பா போட்டீங்க?"

"காலைல. நீ?"

"காலைலதான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள் மாப்பிள்ளை. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. கையில் மாவோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் ஜாடியைக் கொட்ட மறந்துவிட்டேன் என்றும், பரணில் இருந்தது நீங்கள் விட்டுப்போன மிச்சம் என்றும் நினைத்திருக்கிறாள். சிரிப்பு அடங்கியதும், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நீ கொட்டச் சொன்னியேம்மா. பயமா இருந்தது."

அவள் ஃபிரிட்ஜ் தட்டைத் துடைத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "பயந்தா சொல்ல வராதுல்ல" என்றாள். துணியை அலசிப் பிழிந்துவிட்டு வந்து, "நானும்தான் சொல்லல" என்றாள்.

உங்கள் பெயரை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஜாடியைக் கழுவித் துடைத்து, மிச்சம் இருந்ததை அதில் போட்டு, ஜாம் பாட்டிலுக்கு முன்னால் அவளே வைத்தாள். படுக்கப் போகும்போது, "இதுக்கு எவ்வளவு மாவுதான் போடணும்னு கேட்டு எழுதுங்கப்பா" என்றாள். யாரைக் கேட்டு என்று நான் கேட்கவில்லை.

அவள் சொன்னபடி கேட்டு எழுதுகிறேன். இந்த ஜாடிக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர்? நீங்கள் கிராம் கணக்கில் எழுதி அனுப்பினால் நான் அதை அப்படியே கடைப்பிடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்த ஒரு கேள்விக்குக் கடிதத்தில் பதில் வேண்டாம். இரண்டு பேர் கலந்து போட்டுக் குழப்பிய மாவு, நேரில் வந்து தொட்டுப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னித்துவிடுங்கள். மால்ட் பொடி இரண்டு வகையும் பிரிக்காமல் இருக்கிறது.

நீங்கள் இருவரும் எதுவானாலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

ஆசிகளுடன்,
மாமா

ஆஸ்பத்திரி போகும் வழியில் தானே தபாலில் போடுவதாகப் பாப்பா சொன்னாள். உறையை ஒட்டாமல் அவளிடம் கொடுக்கிறேன். உள்ளே என் கையெழுத்து இல்லாத காகிதம் ஏதாவது இருந்தால், அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.