மூணு வருசம் மூடி வெச்ச கம்ப்யூட்டர்

சூலூர்
14.8.1996

அன்பு மகன் சுந்தரராஜுலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தங்கச்சி மூணு பேரும் சௌக்கியம், பரோடாவில் உன் உடம்பும் வேலையும் நல்லா இருக்கணும்னு பெருமாளைக் கும்பிடாத நாளில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

இந்தத் தடவை உன் தங்கச்சி சாய்ப்ரியா சேதிதான் பெருசு. நம்ம நூல் மில் ஆபீசுல என் கீழதான் எட்டு மாசமா வேலை பார்க்கறா. கம்ப்யூட்டர் படிச்ச புள்ளையை டைப்ரைட்டர் முன்னால உக்கார வெச்சுப்போட்டேன். மில்லுல கம்ப்யூட்டர் வாங்கி மூணு வருசமாச்சு, துணி போட்டு மூடி ரூமைப் பூட்டி, ஹெட் கிளார்க்குன்னு சாவியை நான்தான் வெச்சிருந்தேன், கெட்டுப்போனா யாரு பதில் சொல்றதுன்னு பயம். அவளும் கூட வேலை பார்க்கற நஞ்சுண்டனும் ரூமைத் தொறக்கச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டாங்க. ஒரு எழுத்து தப்புனாலும் அஞ்சு கார்பன் வெச்ச தாளை முழுக்கத் திரும்ப அடிக்கணும், படிச்சதெல்லாம் மறந்துபோகுதுன்னு ஊட்டுல அழுதிருக்கா, நான் கண்டுக்கலை.

போன வெள்ளிக்கிழமை காலையில ராஜினாமாக் கடுதாசியை என் மேசையில வெச்சுப்போட்டா. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அதே நேரத்துல தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போற நூல் பெட்டிகளோட லாட் நம்பரையெல்லாம் மாத்தச் சொல்லி வாங்கறவங்ககிட்டருந்து ஃபேக்ஸ் வந்துருச்சு. பேக்கிங் லிஸ்ட் பதினோரு பக்கத்தையும் புதுசா அடிக்கணும், நாலு மணிக்கு லாரி கெளம்பலைன்னா கப்பல் போயிரும். டைப்ரைட்டர்ல தாளைச் சொருகுனேன், மொத வரியிலயே தப்பா அடிச்சுப்போட்டேன். அவ பக்கத்துல வந்து நின்னு, அப்பான்னு நெனச்சுக் கேக்கலைங்க, ஹெட் கிளார்க்குன்னு கேக்கறேனுங்க சார், ரூமைத் தொறந்துவிடுங்கன்னா. தொறந்துவிட்டேன். பிரிண்டர் ரிப்பன் காஞ்சு கெடந்துது. நஞ்சுண்டன் வண்டியெடுத்துட்டு சிங்காநல்லூர் போயி வாங்கிட்டு வாரதுக்குள்ள அவ மொத்தத்தையும் அடிச்சு முடிச்சுப்போட்டா. நான் கையில எழுதின லிஸ்ட்டுல ஒரே லாட்டை ரெண்டு எடத்துல போட்டிருந்தேன், அதையும் கண்டுபுடிச்சு, யாருக்கும் தெரியாம எங்கிட்ட மட்டும் காட்டித் திருத்துனா, கண்ணு. மூணே முக்காலுக்கு லாரி கேட்டைத் தாண்டிருச்சு. சாயங்காலம் மேனேஜர் வந்து யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. இந்தப் புள்ளைதானுங்க, இத்தனை நாளு தடுத்து வெச்சது நானுங்கன்னு எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிப்போட்டேன். அவமானமா இருக்கும்னு நெனச்சேன், நெஞ்சு லேசாயிருச்சு. ராஜினாமாவை அவளே வாங்கிக் கிழிச்சுப்போட்டா. இப்போ மத்தியானத்துல அரை மணி நேரம் அவகிட்ட நானும் கத்துக்கறேன், நான் தப்பா அடிச்சாலும் பொறுமையாச் சொல்லித் தாரா.

உன் பேக்டரியிலயும் சின்னவங்க புதுசா ஏதாச்சும் கேட்டா என்னைப் போலப் பூட்டி வெச்சுராதே. நேரத்துக்குச் சாப்பிடு, சப்பாத்தி ஒத்துக்கலைன்னா அரிசி வாங்கி வடிச்சுக்கோ. அம்மாவும் நானும் உன்னை மனசார வாழ்த்தறோம், நோய் நொடியில்லாம நல்லா இரு. தங்கச்சிக்கு மறக்காம ஒரு கடுதாசி போடு. அப்பா அவளை நெனச்சுப் பெருமைப்படறாருன்னு அதுல நீ எழுத வேண்டியதில்லை, அதை நானே அவகிட்டச் சொல்லிப்போட்டேன்.

உன் அப்பா
சு. ராமுலு