சின்னதுரை கடையிலிருந்து மீட்ட மூன்று டி-ஷர்ட்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மகன் சபரிநாதனுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பா சுகம், கல்பனா தேறி வருகிறாள், உன் பெண் நேற்றைக்கு ஆயிரத்து அறுநூற்று எண்பது கிராம். நான்தான் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடக்கிறேன், இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். போனில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன், அதனால்தான் வியாழக்கிழமை தோகா திரும்பும் மணிகண்டனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிரசவத்துக்கு நாலு நாள் முன்னால் வீட்டில் ஒன்று நடந்தது. கல்பனா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நீ விட்டுப்போன பழைய டி-ஷர்ட்டுகளைத் துவைத்துக் காயவைத்து, குழந்தைக்கு ஜப்லா தைக்கிறேன் என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். ஏழு மாதம்தான் முடிந்திருக்கிறது, இப்போதே எதற்கு என்றேன். போன தடவை அவள் ஆசையாக வாங்கி வைத்த குட்டித் துணிகளை, அந்தக் குழந்தை தங்காமல் போன பிறகு, யாருக்கும் தெரியாமல் கோயில் வாசலில் கொடுத்துவிட்டு வந்தவள் நான்தான், அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அவளோ, "பழசு தான அத்தே, புதுசா எதுவும் வாங்கலியே" என்றாள். நியாயமான பேச்சு, எனக்குத்தான் கேட்கும் நிதானம் இல்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மூட்டையைக் கட்டி, பைபாஸில் லாரி மெக்கானிக் கடை வைத்திருக்கும் சின்னதுரையிடம் கை துடைக்க வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து தேடினாள், நான் செய்ததைச் சொன்னேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலாம் நாள் தலைவலி என்றாள், கால் வீங்கியிருந்தது, திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், பிரஷர் ஏறிவிட்டது என்று அன்றைக்கே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள்.

நான் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்து, மனக்கஷ்டத்தால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். பிரஷர் கொஞ்ச நாளாகவே ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது, உங்களால் ஒன்றும் இல்லை என்றார். அதை நம்பலாம் என்று தோன்றும்போது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது கண்ணில் வந்து நிற்கிறது.

பிறந்தபோது ஆயிரத்து நானூற்று ஐம்பது கிராம். மூன்றாம் நாள் நர்ஸ் வந்து, குழந்தைக்குப் பழைய மெல்லிய காட்டன் துணியில் முன்பக்கம் திறந்த சட்டை வேண்டும், நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி, பட்டன் கூடாது என்றார். கடைக்கு ஓடினேன், இருப்பதிலேயே சின்னதை எடுத்துவந்தால் அதற்குள் குழந்தையைத் தேட வேண்டியிருந்தது. அப்பா கம்பெனியில் கொடுத்த டி-ஷர்ட்டுகளைக் கொண்டுவந்து நீட்டினார், எல்லாம் வழவழவென்று பாலியஸ்டர், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் எனக்கு வேறு வழி தெரியவில்லை, பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி நேரே சின்னதுரை கடைக்கே போய் நின்றேன். "இன்னாக்கா, குட்த்தத திருப்பிக் கேக்குற, பாதி ஆயில்ல பூட்ச்சே" என்றான். எதற்கு என்று சொன்னதும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அவனே கந்தல் குவியலைக் கிளறி, கறைபடாத மூன்றை எடுத்துத் தந்தான்.

வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மறுநாள் காலையில் தையல் மெஷினில் வைத்தால் துணி இழுபட்டு ஊசிக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. எனக்குப் பாவாடைக்கு ஓரம் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். கடைசியில் கையாலேயே ஒன்றைத் தைத்து எடுத்துப்போய்க் கல்பனாவிடம் கொடுத்தேன். உன் டி-ஷர்ட்டின் ஒரு கை, சபரி, அந்த ஒரு கையிலேயே உன் மகளுக்கு முழுச் சட்டை வந்துவிட்டது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் தப்பு பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். அவள் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "தையல வெளிப்பக்கம் வெய்ங்க அத்தே, உள்ள இருந்தா புள்ளைக்கு உறுத்தும். மெஷின்ல தெய்க்கும்போது அடியில பேப்பர் வெச்சுக்கினு தெய்ங்க, அப்புறம் கிழிச்சுடலாம்" என்றாள். துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தவள் அல்லவா. அவள் சொன்னபடி செய்ததில் இன்னும் ஐந்து சட்டை ஒழுங்காக வந்தது. இப்போது தினமும் அளவு சொல்கிறாள், குறை சொல்கிறாள், அந்தக் குறையைக் கேட்கத்தான் நான் பஸ் ஏறுகிறேன்.

ஆயிரத்து எண்ணூறு வந்தால் வீட்டுக்கு விடுவார்களாம். அதுவரை எனக்குச் சோறு இறங்காது. உனக்குக் கோபம் வந்தால் என்னிடமே பேசு, அவளிடம் இதைக் கிளறாதே. தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள். நீயும் உன் பெண்டாட்டியும் உன் மகளும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல், நீ போட்டுப் பழசான காட்டன் டி-ஷர்ட் இருந்தால் யாராவது வரும்போது கொடுத்தனுப்பு. இந்த ஆறு சட்டையும் உன் மகளுக்குச் சீக்கிரம் பத்தாமல் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
த. குணசுந்தரி