பார்க்காமல் எழுதிய தும்பை

8 ஜூலை 1997

இன்று வித்துரா மலைச்சரிவுக்குப் போயிருக்க வேண்டும். கிழக்கேகோட்டை பஸ் நிலையம் வரை போனேன்; கொட்டுகிற மழையைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். மழை மாதங்களில் தேனீக்கு என்னென்ன காட்டுப்பூ கிடைக்கும் என்று எங்கள் அலுவலகம் எடுக்கும் கணக்கெடுப்பில் அந்த ஒரு சரிவுதான் பாக்கி. நெடுமங்காட்டில் பார்த்ததையே அதற்கும் எழுதிக் கொடுத்தேன்: தும்பை, ஏராளம். நெடுமங்காட்டில் இருந்தால் வித்துராவில் இருக்காதா?

21 ஜூலை

பட்டியல் அச்சாகிவிட்டது. தேனீ வளர்ப்பவர்களுக்கெல்லாம் அனுப்பியாயிற்று.

19 ஆகஸ்ட்

அலுவலகத்துக்கு எலிசாள் என்று ஒரு பெண் வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி. வித்துராவில் பதினாலு தேனீப்பெட்டி வைத்திருக்கிறாள். பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் அந்தச் சரிவுக்குச் சுமந்திருக்கிறாள். தும்பை இருக்கிறதே என்று, மழைக்காலத்தில் தீனியாக வைக்கும் சீனித்தண்ணீரும் வைக்கவில்லை. பட்டினியில் தேனீ பறந்துபோய் ஒன்பது பெட்டி காலி.

"அங்க ஒரு தும்பைகூட இல்ல மேடம். நாந்தான் எடம் மாறிப் போய்ட்டேனா?"

தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம்! நான் சொன்னது, "இந்த வருஷம் மழை கூடுதல்." என்ன வாய் இது?

22 ஆகஸ்ட்

மேலதிகாரி சாம்பசிவன் சாரிடம் உள்ளதைச் சொன்னேன். "மழையில ஈ பறந்து போறது சகஜம்தானேம்மா? வெளியில சொல்லிண்டு திரியாதே."

எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதுதான் கேவலம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அந்தச் சரிவில் இன்றுதான் முதல்முறையாக ஏறினேன். புல்லும் பாறையும். எலிசாளும் கூடவே வந்தாள்.

"நான் இங்க வரவே இல்ல. வராமலே எழுதிட்டேன்."

"அஞ்சு நாளு இந்த மலை பூரா தும்பை தேடி நடந்தேன், தெரியுமா?" என்றாள். அவள் அழுதால் தேவலை என்றிருந்தது எனக்கு. அழவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போங்க."

1 செப்டம்பர்

தவறு என்னுடையது என்று கையெழுத்திட்டு, பட்டியல் போன எல்லோருக்கும் கடிதம் அனுப்பினேன். சார் என்னைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துவிட்டார். இனி ஃபைல் மேசை. சரிதான்.

12 அக்டோபர், ஞாயிறு

நான்கு வாரமாக ஞாயிறுதோறும் வித்துரா போகிறேன். யாரும் கூப்பிடவில்லை. இதுவரை எலிசாள் முகம் கொடுத்ததில்லை. இன்று ஓடைக்கரையில் நீலமாக ஒரு பொடிப்பூவைக் காட்டினாள்.

"இது என்னது?"

"தெரியாது."

"ஈ வருமா?"

"அதுவும் தெரியாது."

சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள். ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு தேனீ வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு.

"இப்ப எழுதுங்க" என்றாள்.